போண்டா கடைக்குப் போன நாலாவது பக்கம்

ஏழெட்டு வருடம் இருக்கும். ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை. கடத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அன்று கடையைத் திறந்து, விளக்கேற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கிவிட்டு டீ வாங்கப் போனேன்.

அந்தப் பழைய பெட்டி அப்படித்தான். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். கீபோர்டில் பாதி எழுத்து அழிந்து போயிருந்தது. எனக்கு அது தேவையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். பக்கத்தில் யாராவது நின்று கதை பேசினால் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அடிப்பேன். "என்னக்கா, மெஷினு மாதிரி அடிக்கறீங்க!" என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க உச்சி குளிர்ந்து கிடக்கும். என் வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

டீயோடு திரும்பி வந்தால் திரை கருப்பாக இருந்தது. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி இங்கிலீஷ். துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை, சரியான டிஸ்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கு என்று அர்த்தம். ஏதாவது ஒன்று என்ன, எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். அதே இரண்டு வரி திரும்பத் திரும்ப வந்து நின்றது.

முதலில் நான் பயப்படவில்லை. இதெல்லாம் நாம் பார்க்காததா என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ரேம் அட்டையைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பல் வரிசையை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினேன். எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே கை வைத்தியம் அதுதான். பல தடவை பலித்திருக்கிறது. அன்று பலிக்கவில்லை. வயர்களை எல்லாம் கழற்றி மாட்டினேன். அணைத்து அணைத்துப் போட்டேன். ஒரு பதினைந்து தடவை போட்டிருப்பேன். கடைசியில் தர்மபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் பாய்க்கு போன் போட்டேன். எங்கள் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர்.

"அக்கா, பெட்டிகிட்ட காத வெச்சு கேளுங்க. ஏதாச்சும் சத்தம் வருதா?" என்றார்.

வைத்துக் கேட்டேன். டக், டக், டக் என்று ஒரே சீராக, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். அதைச் சொன்னதுமே பாய் குரல் மாறிவிட்டது. "ஐயோ! அணைச்சிருங்கக்கா. இன்னொரு தடவ போட்றாதீங்க. நான் வந்துர்றேன்."

அவர் பைக்கில் வந்து சேரும் வரை நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் நெற்றியில் மூன்று நாளுக்கு முன் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தன. அப்போதுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பே வந்தது.

உள்ளே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் ஒரு ஊரின் பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். படித்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் தங்கள் பள்ளி நாட்களைப் பற்றி எழுதித் தந்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது கொஞ்சம். கையால் எழுதித் தாளில் வந்தது நாற்பத்தொன்று. அத்தனையையும் ஒரு மாதமாக அடித்து, பக்கம் பிரித்து, படம் வைத்து முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை சேலத்து பிரஸ்ஸுக்கு ஃபைல் போயாக வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு விழா.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று மட்டும் தனியாக என் கண் முன்னால் வந்து நின்றது. மற்றவர்கள் எல்லாம் தலைமையாசிரியரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒரு அக்கா மட்டும் பஸ் ஏறிக் கடைக்கே வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. பூத்தோட்டத்தில் கூலி வேலை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலு பக்கம், எல்லாம் பென்சிலில். என் மேசையிலேயே உட்கார்ந்து, என்னுடைய அழிரப்பரைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். பிறகு நாலு தாளையும் நீவி நீவி நீட்டினார்.

"பேனான்னா தப்பு வந்தா அழிக்க முடியாதுங்களே, அதான் பென்சிலு. கையெழுத்து போடறத வுட்டா, பள்ளிக்கூடம் வுட்டு நின்னதுலருந்து நான் எழுதனது இதாங்க. பத்தரமா போட்ருவீங்களா?"

நான் வேறு எதையோ அடித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "போட்ருவேங்க, போய்ட்டு வாங்க" என்றேன். அன்று சாயங்காலமே அடித்தும் முடித்துவிட்டேன். பென்சில் அக்கா என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தது கூட ஞாபகம் இருக்கிறது.

பாய் வந்தார். பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தன் லேப்டாப்பில் ஒரு வயர் வைத்து மாட்டிப் பார்த்தார். லேப்டாப்புக்கு அப்படி ஒன்று வந்து சேர்ந்ததே தெரியவில்லை. வயரை மாற்றினார். வேறு கரண்ட் கொடுத்தார். டக், டக், டக்.

"உள்ள இருக்கற முள்ளு போச்சுக்கா. தகட்டு மேல ஒரசுது. இத பெங்களூருல தூசி இல்லாத ரூம்ல வெச்சு பிரிக்கணும். ஒரு மாசம் ஆவும். வந்தாலும் வரும், வராட்டியும் வராது. கீழ கீழ எதும் போட்டீங்களா?"

கீழே போடவில்லை. ஆனால் ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையைத் துடைத்தேன். சாமி பாட்டு அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் பாட்டைப் பாதியில் நிறுத்துவானேன் என்று, ஓடுகிற பெட்டியை அப்படியே தூக்கி, அடியில் ஈரத்துணி போட்டுத் துடைத்து, பாரம் தாங்காமல் தொப்பென்று வைத்தேன். பாட்டு ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. ஆகா, ஒன்றும் ஆகவில்லை என்று நானும் கூடச் சேர்ந்து பாடினேன். இதைச் சொன்னதும் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. "எதுக்கும் இருக்கட்டும்னு டி டிரைவ்லயும் ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கறேன் பாய்" என்றேன் பெருமையாக.

பாய் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஒரே வூட்ல நடுவுல செவுரு வெச்சா ரெண்டு ரூம்புக்கா. சி-யும் டி-யும் அப்புடித்தான். வூடே இடிஞ்சு போச்சு, இப்ப எந்த ரூம்ப தேடறீங்க?"

இத்தனை வருடம் கடை வைத்திருக்கிறேன், அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பாய் தேற்றினார். "எழுதன பேப்பரு இருக்குதுல்லக்கா? என் லேப்டாப்ப வெச்சுக்கங்க. ராவா பகலா ஒக்காந்தா அடிச்சிர மாட்டீங்க? உங்க ஸ்பீடுக்கு..."

பேப்பர்! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதே ஆயுத பூஜைத் துடைப்பில்தான், அடித்து முடித்ததை எல்லாம் இனி எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று ஒரு கட்டாகக் கட்டி, பேருந்து நிலையத்து போண்டா கடையில் கொடுத்திருந்தேன். தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார், அந்தத் தைரியம். பொட்டலம் மடிக்க ஆகும் என்று போண்டா கடை அம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, சுடச்சுட நாலு போண்டா கொடுத்தார். நானும் சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

செருப்பு கூடப் போடாமல் ஓடினேன். வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தூணில் அடித்த கம்பிக் கொக்கியில் குத்தியிருந்த தாள்கள் காற்றில் படபடத்தன. அதில் பாதி என் கட்டுத்தான். உயிர் வந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"அட கடவுளே! சரசுவதி பூச கும்புடற நேரத்துல எழுதன காயிதத்தயா தூக்கி போண்டா கட்ட குடுத்தீங்க? நானும் கேக்கலயே!" என்று அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கொக்கியோடு கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். "கூட்டம் இல்லாதப்ப இங்க ஒக்காந்து திங்கறவங்க எல்லாம் படிச்சுட்டுத்தாங்க கசக்கிப் போடறாங்க. நேத்து ஒருத்தரு, ஏம்மா இதோட மிச்சம் எங்கன்னு கேட்டு இன்னொரு பொட்டலம் வாங்கிட்டு போனாரு."

எனக்கு அப்போது அதைக் கேட்கக் காது இல்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். வாட்ஸ்அப்பில் வந்தவையும் படங்களும் என் போனிலேயே இருந்தன, அதில் கவலை இல்லை. நாற்பத்தொன்றில் இருபத்தெட்டு முழுசாக இருந்தன. பன்னிரண்டு போய்விட்டன. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் போன் இருந்தது. தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். அவர் போன் போட்டுக் கேட்க, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நாளில் மறுபடி எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் இதுதான் சாக்கு என்று முன்பை விட இரண்டு மடங்கு எழுதினார்.

பாக்கி ஒன்று. பென்சில் எழுத்து. மூன்று பக்கம் கொக்கியில் இருந்தன. நாலாவது பக்கம் இல்லை. போண்டா கடை அம்மாவும் நானும் குப்பைத் தொட்டி வரைக்கும் கிளறிவிட்டோம். எண்ணெய்க் கறையோடு என்னென்னவோ கிடைத்தது, அது கிடைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி, "அப்புறம் ரொம்ப வருசம் கழிச்சு ஒரு கல்யாணத்தில்" என்று பாதியில் நின்றது.

மனதில் ஒரு கள்ளத்தனமும் வந்தது, மறைக்க மாட்டேன். மூன்று பக்கத்தோடு நானே ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அவருக்குத்தான் போனே இல்லையே. ஆனால் நீவி நீவிக் கொடுத்த அந்தக் கை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றது. புதன்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் சாமந்தித் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புத்தகம்தான் வந்துவிட்டது என்று நினைத்து முகமெல்லாம் சிரிப்பாக, மடியில் பூவோடு வரப்புக்கு ஓடி வந்தார். கம்ப்யூட்டர் போனது, தாள் போனது, போண்டா தின்றது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த நாலாவது பக்கத்துக்குத்தாங்க நான் எழுதுனதே" என்றார். பிறகு அவரே என்னைச் சமாதானப்படுத்துவது போல, "பரவால்லிங்க. நீங்கதான் அத அடிச்சீங்களே. அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க, நான் அத வெச்சு நெனப்பு பண்ணி அதே மாதிரி சொல்லிடறேன்" என்றார்.

எனக்கு ஒரு வார்த்தை கூட ஞாபகம் வரவில்லை. ஒரு வார்த்தை! கண் பார்த்தது, விரல் அடித்தது, அவ்வளவுதான். நாற்பத்தொரு பேருடைய பள்ளிக்கூடம் என் பத்து விரல் வழியாகப் போயிருக்கிறது, ஒன்று கூட உள்ளே தங்கவில்லை. போண்டா தின்றவர் மிச்சம் எங்கே என்று கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து, "நான் படிக்கலீங்க, அடிக்க மட்டுந்தான் செஞ்சேன்" என்று சொல்ல வேண்டியிருந்ததே, அந்த அவமானத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் மடிப் பூவைக் கூடையில் கொட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "சரிங்க. இப்ப சொல்றேன், எழுதிக்கங்க."

நான் கையால் எழுதி எவ்வளவு நாளாயிற்று! பேனா வழுக்கியது. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அஞ்சாம் வகுப்பில் பொங்கல் கழிந்ததும், இங்கே மழை இல்லை, வேலை இல்லை என்று அப்பாவும் அம்மாவும் அவரைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் பக்கம் வரை அந்தக் கதைதான். லாரியில் ஏறும்போது பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போனது, டீச்சரிடம் சொல்லாமல் போகிறோமே என்று அழுதது எல்லாம் அதில் இருந்தது. திரும்பி வந்தபோது வயது தாண்டிவிட்டது. மறுபடி பள்ளிக்கூடம் போகவே இல்லை.

"அப்புறம் ரொம்ப வருசம் கழிச்சு ஒரு கல்யாணத்துல, கூட படிச்ச புள்ள ஒருத்தி சொன்னாளுங்க. நான் போனதுக்கப்புறமும் டீச்சரு தெனமும் காலைல என் பேர கூப்புட்டாங்களாம். அட்டென்டன்ஸ்லருந்து பேர அடிக்கவே இல்லியாம். இவளுங்க எந்திரிச்சு, அவ பெங்களூரு போய்ட்டா டீச்சர்னு சொன்னா, சரி, வந்தா ஒக்கார சொல்லும்பாங்களாம். பரீச்சை வரைக்கும் அப்புடியே கூப்புட்டாங்களாம்." மடியில் ஒட்டியிருந்த ஒரு பூவை எடுத்துக் கூடையில் போட்டார். "அந்நேரத்துக்கு நான் அங்க மணலு சலிச்சுக்கிட்டு இருப்பனுங்க. எனக்கு எப்புடி தெரியும்? ஆனா தெனமும் பேரு கூப்புட்டாங்கன்னா நான் கிளாஸ்லதான இருந்துருக்கேன்? அப்ப அஞ்சாவது நான் முழுசாத்தான படிச்சிருக்கேன்? அதாங்க எழுதியிருந்தேன். அஞ்சாவது முழுசா படிச்சேன்னு."

என் எழுத்து மேல் சொட்டு விழுந்து மை பரவியது. அவர் பூ வாசம் அடிக்கும் முந்தானையை நீட்டினார். "அழுவாதீங்க, எழுத்து அழிஞ்சு போயிரும்" என்றார். அத்தனை அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு என் மேசையில் எந்த வரியை அழித்துவிட்டு எழுதினார் என்று கேட்டேன். "அஞ்சாவது பாதி வரைக்கும் படிச்சேன்னு மொதல்ல எழுதியிருந்தேங்க. அதத்தான் அழிச்சேன்." அப்போது நான் ஒரு தடவை தலையை நிமிர்த்தியிருந்தால் போதும், பார்த்திருப்பேன்.

பாயின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். இந்த முறை மெதுவாக. ஒவ்வொன்றையும் முதலில் படித்துவிட்டு அடித்தேன். ஒரு இடத்தில் சிரித்துச் சிரித்து நிறுத்தினேன், இன்னொரு இடத்தில் என் பள்ளிக்கூடமும் நான் உட்கார்ந்த மூன்றாவது பெஞ்சும் ஞாபகம் வந்து நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை கடைசி நேரத்தில் ஃபைல் போய்ச் சேர்ந்தது. அனுப்புவதற்கு முன் பென்டிரைவில் ஒன்று, பாயிடம் ஒன்று, மெயிலில் ஒன்று என்று போட்டு வைத்தேன். சூடு பட்டவளாயிற்றே.

விழா அன்று நானும் போனேன். மலரைக் கையில் வாங்கியதும் பென்சில் அக்கா கூட்டத்தை விட்டு ஒதுங்கி, சுவர் ஓரமாகப் போய் நின்றார். முதலில் அவருக்கு ஒரு சந்தேகம். "நாலு பக்கம் எழுதனேன், இதுல ஒன்றரைப் பக்கந்தான இருக்குது?" என்றார். அச்சு எழுத்து சின்னது, அதனால்தான் என்றேன். நம்பவில்லை. வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு போனார். மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், கைதட்டினார்கள், எதையும் அவர் கவனிக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் கடைசி வரிக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"எல்லாம் இருக்குதுங்க" என்றார்.

அந்த ஹார்ட் டிஸ்கை நான் பெங்களூருக்கு அனுப்பவில்லை. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, வாடிக்கையாளர்கள் எழுதித் தரும் தாள்களின் மேல் அதைத்தான் பாரமாக வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கையெழுத்தாக வருவதே குறைந்துவிட்டது. போனில் பேசியே எழுத்தாக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் எப்போதாவது யாராவது தாளை நீவி நீட்டினால், கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உக்காருங்க, படிச்சுட்டு அடிக்கறேன்" என்கிறேன். ஒருவர் எழுதியதை அவர் எதிரிலேயே உட்கார்ந்து படிப்பதுதான் நான் அவருக்குத் தரக்கூடிய முதல் மரியாதை என்பதை, சாமந்தித் தோட்டத்து வரப்பில் அஞ்சாவது முழுசாகப் படித்த ஒருத்தியிடம் நான் கற்றுக்கொண்டேன்.